இட்லிக்கு வந்த மீன்

மே 2, செவ்வாய்

சிட்னி வந்து சேர்ந்தேன். நான் வந்தேன், கருவாடு வரவில்லை. ஒளிக்காமல், விமானத்தில் தந்த சீட்டில் எழுதித்தான் கொடுத்தேன். விமான நிலையத்தில் கையுறை போட்ட பெண் பொட்டலத்தைப் பிரித்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "ஸாரி" என்று சொல்லித் தொட்டியில் போட்டுவிட்டாள். நெத்திலி, வாளை, இரண்டு துண்டு சீலா. தூத்துக்குடி வெயிலில் மொட்டைமாடியில் நானே காக்காய் விரட்டிக் காய வைத்தது.

பேத்தி அழகு. மூக்கு எங்கள் பக்கம். அதில் வேறு பேச்சுக்கே இடமில்லை.

சம்பந்தியம்மா ஆவுடையம்மாள் எனக்கு முன்பே திருநெல்வேலியிலிருந்து வந்து அடுப்படியைப் பிடித்துவிட்டார். சுத்த சைவம். நெற்றி நிறைய விபூதி. நான் உள்ளே போனதும் "வாங்க சம்பந்தியம்மா, களைப்பா இருப்பீய, உக்காருங்க" என்று சொல்லிக்கொண்டே கரண்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். நான் பிடுங்கிவிடுவேனாம்.

மே 4, வியாழன்

மகள் ஷெரின் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். "அம்மா, அத்தை இங்க இருக்க வரைக்கும் வீட்டுல மீன் வேண்டாம்மா. வாசனையே அவுங்களுக்கு ஒத்துக்காது. ப்ளீஸ்."

"நான் எதுக்கும்மா கேக்கப் போறேன்?" என்றேன். கடற்கரையில் பிறந்து வளர்ந்தவளிடம் வந்து சொல்கிறாள். பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டு வைத்துக் கொடுக்க எவ்வளவு ஆசையாக வந்தேன்!

மே 5, வெள்ளி

மதியம் பூண்டுக் குழம்பு. இரவு, மதியத்துப் பூண்டுக் குழம்பு.

மே 7, ஞாயிறு

நர்ஸ் வந்து பிள்ளையை நிறுத்துப் பார்த்தாள். எடை ஏறவில்லையாம். தாய் நன்றாகச் சாப்பிட வேண்டும், நன்றாகத் தூங்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஷெரின் எங்கே சாப்பிடுகிறாள்? தட்டில் கோலம் போடுகிறாள். சொதி, பிரண்டைத் துவையல், பூண்டு என்று சம்பந்தியம்மா விடாமல்தான் செய்து போடுகிறார். ருசியில் குறை சொல்ல முடியாது, சொல்ல ஆசைதான். ஆனால் இவளுக்கு இறங்கவில்லை. "நாக்கு செத்துப் போச்சும்மா" என்கிறாள்.

எனக்கு வைத்தியம் தெரியும். செய்ய வழியில்லை. கடையில் மீன் வாங்கி வந்தால், வேண்டும் என்றே மீறின மாதிரி ஆகிவிடும். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு ஜெபமாலை சொன்னேன்.

மே 8, திங்கள்

வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டோம். பிள்ளையைக் குளிப்பாட்டுவதில் தண்ணீர் சூடு போதும் போதாது என்று நாங்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தோம். பேச்சுதான், சண்டை இல்லை. ஷெரின் எழுந்து வந்து, "ரெண்டு பேரும் காலைல கொஞ்ச நேரம் எங்கயாச்சும் போயிட்டு வாங்க. நான் தூங்கணும்" என்றாள். மாப்பிள்ளை குற்றாலநாதன் செருப்பை எடுத்தே வைத்துவிட்டார்.

தெரு முடிவில் ஆறு. கடலில் சேரும் இடம் பக்கம்தான், காற்றிலேயே உப்புத் தெரிகிறது. தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டு ஒரு மரப்பாலம். அங்கே ஆரஞ்சுத் தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். வெள்ளி நிறத்தில், மஞ்சள் துடுப்போடு ஒரு மீன் பிடித்தார். நம் ஊர் விளைமீனுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருந்தது. பிரீம் என்று பெயராம். எனக்கு எச்சில் ஊறியது. அந்த மனிதர் அதை அளந்தார், படம் எடுத்தார், குனிந்து தண்ணீரிலேயே விட்டுவிட்டார்! ஏன் என்று கேட்டேன். சும்மா பிடிக்கத்தான் வந்தாராம். சோற்றைப் பிசைந்து பார்த்துவிட்டுக் கை கழுவுகிறவனை இன்றுதான் பார்த்தேன்.

"நல்ல மனுசன்" என்றார் சம்பந்தியம்மா.

நடந்து திரும்பும்போது எனக்கு ஒன்று தோன்றியது. கடையில் வாங்கினால்தானே மீறல்? ஆண்டவராகப் பார்த்துத் தூண்டிலில் மாட்டிக் கொடுத்தால், யார் என்ன சொல்ல முடியும்?

மே 9, செவ்வாய்

தூண்டில் வாங்கியாயிற்று. மாப்பிள்ளை போனிலேயே ஒரு மாத அனுமதிச் சீட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டார். "பொழுது போக்குக்குத்தான் மாப்ள" என்றேன். "தெரியும் அத்தை" என்றவர் குரலைத் தாழ்த்தி, "பெருசா பிடிங்க" என்றார். சைவக் குடும்பத்துப் பிள்ளைக்கு மீனின் அளவில் என்ன அக்கறை?

மே 12, வெள்ளி

அக்கறை என்னவென்று தெரிந்துவிட்டது. காரின் பின்சீட்டில் பிள்ளையின் தொப்பியைத் தேடினேன். எண்ணெய்த் தாள் ஒன்று சுருட்டிக் கிடந்தது. முகர்ந்தேன். பொரித்த மீன், எலுமிச்சை. மாப்பிள்ளை ஆபீசிலிருந்து வரும் வழியில் முடித்துவிட்டு வருகிறார், அம்மாவுக்குத் தெரியாமல். அந்தத் தாளை நானே எடுத்துப் போய் அடுத்த தெருக் குப்பைத்தொட்டியில் போட்டேன். ஒரு குடும்பத்தைக் காப்பாற்றினேன்.

மே 15, திங்கள்

ஒரு மீன் மாட்டியது. உள்ளங்கை அளவு. இந்த அளவெல்லாம் எடுக்கக் கூடாதென்று பலகையில் படம் போட்டிருக்கிறார்கள். விட்டேன். கையை நனைத்துக்கொண்டு பிடிக்க வேண்டும், ஓடுகிற தண்ணீருக்கு எதிராக முகத்தைத் திருப்பிக் காட்ட வேண்டும் என்று தொப்பிக்காரர் செய்து காட்டினார். மீனை வழியனுப்ப இவ்வளவு மரியாதை!

சம்பந்தியம்மா தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து கீரை ஆய்கிறார். தினமும் ஒரு துணிப்பையில் கீரையோ அவரைக்காயோ கொண்டுவந்துவிடுகிறார். இந்தக் குளிரில் பலகை சில்லென்று இருக்கும். நாளைக்கு வீட்டிலிருந்து ஒரு தலையணை எடுத்துப் போக வேண்டும். எனக்குத்தான். வேண்டுமானால் அவரும் உட்காரட்டும்.

மே 17, புதன்

சம்பந்தியம்மாவுக்கு என் இறால் இரை நாறுகிறதாம். "காத்து எந்தப் பக்கம் அடிச்சாலும் எம்மூஞ்சிக்கே வருது" என்றார். இடம் மாறி உட்காருங்கள் என்றேன். "நீங்க எடுத்து வச்ச தலவாணி இங்கனதான இருக்கு" என்றார்.

மே 19, வெள்ளி

தூத்துக்குடியிலிருந்து வீட்டுக்காரர் தினமும் தன் மதியச் சாப்பாட்டைப் படம் எடுத்து அனுப்புகிறார். இன்றைக்கு மாங்காய் போட்ட ஊளிமீன் குழம்பு. கீழே, "நீ எப்படி இருக்கே?" என்று ஒரு கேள்வி. பதில் போடவில்லை.

அந்தப் படத்தை ஷெரின் என் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துவிட்டாள். விரலால் படத்தைப் பெரிதாக்கி, கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போய்ப் படுத்துக்கொண்டாள். சம்பந்தியம்மா வாசலில் நின்று இதைப் பார்த்தாரா என்று தெரியவில்லை.

மே 21, ஞாயிறு

நர்ஸ் மறுபடி வந்தாள். எடை கொஞ்சம்தான் ஏறியிருக்கிறது. மாவுப்பாலும் சேர்த்துக் கொடுக்கலாம் என்று தன்மையாகத்தான் சொன்னாள். அவள் போனதும் ஷெரின் அழுதாள். சம்பந்தியம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். நான் உட்கார வேண்டிய இடம் அது. போய் அந்தப் பக்கம் உட்கார்ந்தேன்.

மே 23, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். கையில் இன்னும் மீன் வாசம். சோப்புப் போட மனம் வரவில்லை.

காலையில் பார்த்தால் ஃப்ரீசரில் இறாலைக் காணோம். சம்பந்தியம்மா வெளியே எறிந்துவிட்டார். "எங் கறிவேப்பிலைக்குப் பக்கத்துல வச்சிருக்கீய!" என்றார். இரைக்கு நான் எங்கே போவேன் என்று கத்தினேன். அவர் நேற்றைய இட்லி நான்கை எடுத்தார். ஏற்கெனவே மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவியது. பெருங்காயத்தைப் போட்டு உதிர்த்து, கெட்டியாகப் பிசைந்து, உருண்டை பிடித்து டப்பாவில் வைத்து நீட்டினார்.

"கோயில் குளத்து மீனெல்லாம் பொரி திங்கல? இட்லியும் திங்கும். ஒங்களுக்குத்தான் இறாலு இல்லாம முடியாது."

வீம்புக்காகவே வாங்கிக்கொண்டேன். ஒன்றும் மாட்டாமல் திரும்பி வந்து சொல்லிக்காட்டலாம் அல்லவா?

தொப்பிக்காரர் இன்று பார்த்து வரவில்லை. பாலத்தில் நாங்கள் இருவர் மட்டும். உருண்டையைத் தூண்டில் முள்ளில் குத்திப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. ஷெரின். பாலத்தில் பேச்சு சரியாகக் கேட்காது, கரைக்குப் போக வேண்டும். தூண்டில் கம்பைச் சம்பந்தியம்மா கையில் கொடுத்தேன்.

"சும்மா பிடிச்சிட்டு நில்லுங்க. ஒண்ணும் வராது."

"வந்துட்டா?"

"எதுக்கு, இட்லிக்கா?"

பிள்ளையின் பச்சைப் போர்வை எங்கே என்று ஷெரினுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாலத்திலிருந்து ஒரு சத்தம்.

"மைனி! மைனீ! இது இழுக்குது மைனி!"

இத்தனை நாளும் சம்பந்தியம்மா, சம்பந்தியம்மா என்று எட்ட நிற்க வைத்தே பேசிக்கொண்டிருந்தவர். சொந்த அண்ணியைக் கூப்பிடுவது போல என்னை மைனி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. போனை அப்படியே கைப்பையில் போட்டுவிட்டு ஓடினேன். கம்பு வில்லாக வளைந்திருக்கிறது. அவர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு காலைப் பலகை விளிம்பில் மிதித்து, கம்பை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நிற்கிறார். ரீல் கிர்ரென்று கத்துகிறது.

"விட்ராதீங்க மைனி! அது ஓடும்போது ஓட விடுங்க, நின்னா சுத்துங்க!"

"எந்தப் பக்கம் சுத்த?"

"மாவாட்டுற பக்கம்!"

சுற்றினார் பாருங்கள்! ஆட்டுக்கல்லில் அத்தனை வருஷம் ஆட்டின கை. மீன் ஆற்று நடுவுக்கு ஓடியது, பாலத்துக் கால்களுக்குள் நுழையப் பார்த்தது, திரும்பி எங்களிடமே வந்தது. ஒரு தடவை மேலே புரண்டு வயிற்றைக் காட்டியது. நான் மாதாவே என்றேன், அவர் முருகா என்றார். வலை இல்லை. கீரைப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, பாலத்துப் படியில் முழங்கால் தண்ணீர்வரை இறங்கி, பையை விரித்து ஏந்தினேன். தலை நுழைந்தது, பாதிக்கு மேல் உடம்பு வெளியே. அப்படியே கட்டிப் பிடித்தேன். ஒரு கட்டு அரைக்கீரை ஆற்றோடு மிதந்து போய்க்கொண்டிருந்தது.

பிரீம்தான். ஆனால் இப்படி ஒரு பிரீமை நான் பார்த்ததில்லை. தொப்பிக்காரர் போனில் காட்டிய படங்களிலும் இல்லை. முதுகு கறுத்து, வயிறு வெள்ளி, செதில் ஒவ்வொன்றும் அப்படி ஒரு கனம். உதட்டோரத்தில் மிளகாய்ப்பொடி ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் படியில் இறங்கி வந்து, பக்கத்தில் முழங்கையை நீட்டிப் பூக்காரி மாதிரி அளந்தார். "முழம் தாண்டிட்டு மைனி! ஒண்ணேகால் முழம் இருக்கும்!" இரண்டு பேரும் சிரித்தோம். அப்படிச் சிரித்து எனக்கு எவ்வளவோ நாள் ஆகியிருந்தது.

பிறகு அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார். "இத வச்சா எத்தன பேரு சாப்பிடலாம்?"

"வீடு முழுக்க. மறுநாளைக்கும் மிஞ்சும்."

"அப்ப எடுங்க, போவோம். நம்ம அடுப்படியிலயே வைங்க. நான் ரூமுல கதவச் சாத்திக்கிடுதேன்."

என் காதையே நம்ப முடியவில்லை. "மாப்ள ஏதாச்சும்..." என்று இழுத்தேன்.

"குத்தாலமா? அவன் கல்யாணத்துக்கு முன்னமே மீன் திங்கான் மைனி. எப்பவும் எந் தோள்ல சாஞ்சு பேசுத பய, சில நாளு மட்டும் எட்ட நின்னு வாயப் பொத்திட்டுப் பேசுவான். பெத்தவளுக்குத் தெரியாதா? மறைக்கான், மறைச்சுட்டுப் போட்டும்னு விட்டுட்டேன். இப்ப அந்தப் புள்ள சோறு எறங்காமக் கெடக்கு. அன்னைக்கு அண்ணாச்சி அனுப்புன படத்த அது பாத்த பார்வைய நானும் பாத்தேன். எனக்குத் தெரிஞ்ச மட்டும் பொங்கிப் போட்டாச்சு. இனி ஒங்க மொறை."

இதற்காகத்தானே இத்தனை நாள் காத்துக் கிடந்தேன்? மீனைப் பையோடு தண்ணீரில் அழுத்திக்கொண்டு, தலையில் ஒரு போடு போடக் கல் ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தேன். படியோரம் ஒன்று கிடந்தது. எடுத்துக்கொண்டு நிமிர்ந்தால், அவர் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். கம்பைப் பிடித்திருந்த வலது கையைத் தன் கையே இல்லை என்பது போல உடம்பில் படாமல் தள்ளி வைத்திருக்கிறார். உதடு அசைகிறது.

"என்ன மைனி முணுமுணுக்கிய?"

"ஒண்ணுமில்ல. அதுகிட்ட மன்னிப்புக் கேக்கேன். இந்தக் கையி இதுவரைக்கும் ஒரு உசுர எடுத்ததில்ல, பாத்துக்கிடுங்க. பரவால்ல. புள்ளைக்காகத்தான? நீங்க ஆக வேண்டியதப் பாருங்க."

கண்ணை அவர் திறக்கவே இல்லை. வாழ்நாள் முழுக்கக் காப்பாற்றி வைத்திருந்ததை ஒருத்தி என் மகளுக்காகத் தூக்கிக் கொடுக்கிறாள். அதை வாங்கிக் குழம்பில் போட எனக்கு மனம் வரவில்லை.

கல்லைக் கீழே போட்டேன். மீனின் வாயிலிருந்து முள்ளைப் பதமாக எடுத்தேன். கை நனைந்துதான் இருந்தது. பையை உருவிவிட்டு, வயிற்றுக்கு அடியில் ஒரு கையும் வாலில் ஒரு கையும் கொடுத்து, ஓட்டத்துக்கு எதிராக முகத்தைத் திருப்பிப் பிடித்தேன். செவுள் திறந்து மூடியது. கொஞ்ச நேரம் என் கையிலேயே கிடந்தது, அவசரமே இல்லாமல். பிறகு வாலால் ஓர் அடி. என் முகம், மூக்குக்கண்ணாடி, ரவிக்கை எல்லாம் தண்ணீர். சத்தம் கேட்டு அவர் கண்ணைத் திறந்தார்.

"ஐயோ! என்ன மைனி செஞ்சிய! இம்புட்டுப் பெரிய மீன!"

"கடையில மீன் இருக்கு மைனி. அது யாரோ பிடிச்சது, யாரோ கொன்னது. ஒங்க கையில ஒட்டாது. நீங்க கதவச் சாத்திக்கிடுறேன்னு சொன்னதே எனக்குப் போதும்."

அவர் அப்படியே ஈரப் படியில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்சம் அழுதார். அப்புறம் வலது கையைத் தூக்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "ஆனாலும் விட்டுட்டியளே" என்றார் ஆற்றாமையோடு. "நான் புடிச்சதுல்லா அது!"

"இட்லி தின்னுச்சுல்லா, அதுவும் சைவந்தான். போட்டும் விடுங்க" என்றேன். சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் ஈரச் சேலையோடு பாலத்தில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தோம். கைப்பைக்குள்ளிருந்து ஷெரின், "அம்மா? அம்மா? என்னாச்சு?" என்று கத்திக்கொண்டே இருந்திருக்கிறாள். போனை அணைக்கவே இல்லை.

மே 24, புதன்

யாரும் நம்பவில்லை. "இட்லிக்கா?" என்றார் மாப்பிள்ளை. "விட்டுட்டீங்களா?" என்றாள் ஷெரின். தூத்துக்குடிக்காரர் ஒரே வார்த்தைதான் கேட்டார். "படம்?" இல்லை என்றேன். "ஓகோ" என்றார். அந்த ஓகோவைக் கேட்டதும் மைனி என் கையிலிருந்து போனை வாங்கிவிட்டார்.

"அண்ணாச்சி, நான் ஆவுடையம்மா பேசுதேன். ரெண்டு முழம் மீனு. எங் கண்ணால பாத்தேன், எங் கையால இழுத்தேன்."

நேற்று ஒன்றேகால் முழம். பொய் பேசியே பழக்கமில்லாத வாய். அந்தப் பக்கம் இவர் அடங்கிப்போய், "நீங்க சொன்னாச் சரிதான்" என்றார். நான் திருத்தவில்லை. தூண்டில் பிடித்தவர்களுக்கு அந்த அளவு உரிமை உண்டு.

மே 25, வியாழன்

தொப்பிக்காரர் நம்பினார். என்ன இரை என்று கேட்டார். டப்பாவைத் திறந்து காட்டினேன். ஒரு துண்டு எடுத்து முகர்ந்தார். மைனி எனக்கு முன்னால் முந்திக்கொண்டு, "இட்லி" என்று ஒரே சொல்லில் விளக்கம் கொடுத்தார். தொப்பிக்காரர் அதைத் தன் வாயில் போட்டுக்கொண்டுவிட்டார். பெருங்காயத்துக்கு முகம் ஒரு கோணலாகிப் பிறகு நிமிர்ந்தது. இன்னொன்று கேட்டு வாங்கினார்.

மே 27, சனி

காலையில் மைனியே மகனிடம் போய், "கார எடு, மீன் கடைக்குப் போவணும்" என்றார். மாப்பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீ ஒண்ணுஞ் சொல்லாண்டாம். எலுமிச்சம்பழ வாசம் எனக்குத் தெரியும்" என்றார் மைனி. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு சாவியைத் தேடினார். சாவி கையில்தான் இருந்தது.

கடையில் நல்ல சிவப்பு மீன் கிடைத்தது. மைனி காரிலேயே கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வீட்டில் ஒரு புதுச் சட்டி, புதுக் கரண்டி. மைனி பேத்தியைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் தேங்காய் அரைத்தேன், மிளகாய், மல்லி எல்லாம் அரைத்தேன். புளி கரைத்துக் கூட்டி அடுப்பில் ஏற்றினேன். குழம்பு கொதி வந்ததும் மீனைப் போட்டேன். வாசம் கிளம்பியது. ஷெரின் கூப்பிடாமலே எழுந்து வந்து, தட்டை எடுத்து வைத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்துவிட்டாள்.

அறைக்கதவு திறந்தது. மைனி, பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றார். வாசம் தாங்க முடியவில்லை போலும், நிறுத்தச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"மைனி, புளி பத்தாது."

"பாக்காமயே எப்படிச் சொல்றிய?"

"மீனக் கண்டேனா நான்? கொழம்பு கொழம்புதான? கொதிக்கிற வாசத்துல தெரியாதா?"

ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கினேன். பத்தவில்லைதான். இத்தனை வருஷமாக வைக்கிறேன், வீட்டுக்காரர் ஒருநாளும் சொன்னதில்லை. மைனி பேத்தியை என்னிடம் கொடுத்துவிட்டு, ஒரு கொட்டைப்பாக்கு அளவு புளியை எடுத்துக் கரைத்தார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் எட்ட நீட்டி, சட்டியில் ஊற்றினார். போதுமா என்று என்னைக் கேட்டார். போதும் என்றேன்.

ஷெரின் முள்ளைக்கூட உறிஞ்சித் துப்பினாள். மூன்றாவது தடவையும் சோறு கேட்டாள். மைனிதான் போட்டார்.